பழைய 070 செயின்சாவ மறுபடி நம்பி ஓட்டுற மாதிரி ஆக்குறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் கரை கடந்தப்ப ஆலங்குடி பக்கம் எங்க ஊர்ல பலா, மா, புளின்னு எல்லாம் வேரோட சாஞ்சிருச்சு. அப்ப மாமா வச்சிருந்த ஸ்டில் கம்பெனி 070 செயின்சாதான் (பெட்ரோல்ல ஓடற மரம் அறுக்கற ரம்பம்) ரெண்டு மாசம் ஓயாம ஓடுச்சு, அப்புறம் ஒருநாள் ஒரு புளியமரத்து அடித்தூர்ல அறுத்துக்கிட்டு இருக்கும்போதே பிஸ்டன் பிடிச்சு நின்னுருச்சு. டேங்குல பெட்ரோலோட அப்படியே மாட்டுக்கொட்டகை பரண்ல 6 வருசம் கிடந்தத நான்தான் இறக்கி ரெடி பண்ணேன். அதுலேர்ந்து தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு நிறைய பேர் ஒரே மாதிரி கேள்விகள கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன்.

எந்த மிஷின பத்தி சொல்றீங்க? என்கிட்ட இருக்கறதுக்கும் இது பொருந்துமா?

நான் கைவச்சது 070. 106 சி.சி., பிஸ்டன் 58 மி.மீ., பாரும் (செயின் சுத்தி ஓடற நீளமான இரும்புத் தகடு) செயினும் இல்லாமலே 10 கிலோவுக்கு மேல. இதோட அண்ணன் 090, அது 137 சி.சி. ரெண்டுமே 1959ல ஸ்டில் கம்பெனி கொண்டாந்த கான்ட்ராங்கிற மிஷினோட வழில வந்ததுங்க. கியர் இல்லாம கிராங்குலேர்ந்து (பிஸ்டன் சுத்தி விடற தண்டு) கிளட்ச் வழியா நேரா செயினுக்கு போற டிசைன், கார்பரேட்டர் டயஃப்ரம் (மெல்லிசான சவ்வு) வச்சது, அதனால மிஷின எந்தப் பக்கம் சாய்ச்சாலும் ஓடும். வேற கம்பெனியோட பழைய பெரிய டூ ஸ்ட்ரோக் ரம்பம் இருந்தாலும் இங்க சொல்றதுல முக்கால்வாசி அப்படியே பொருந்தும், அளவு மட்டும் உங்க மிஷினுக்கு உள்ளத பாத்துக்கங்க.

ரெடி பண்றது லாபமா, இல்ல புதுசு வாங்கிடலாமா?

அது நீங்க என்ன அறுக்கப் போறீங்கங்கிறத பொறுத்தது. தென்னை, சவுக்கு, கருவேலம், கிளை கழிக்கறதுன்னா இந்த மிஷின் வேண்டாம், நடுத்தர புது மிஷினே போதும், உங்க முதுகு தப்பிக்கும். ரெண்டு கை சேத்து கட்டிப்பிடிக்க முடியாத புளி, வேம்பு, அடித்தூர், இல்லன்னா கட்டைய நெடுக்குவாட்டுல பலகையா இறக்கறது, அங்கதான் 106 சி.சி.யோட அருமை தெரியும். மெதுவா சுத்தும் ஆனா கட்டைல அழுத்துனா தொய்யாது.

முடிவு பண்றதுக்கு முன்னாடி மூணு பாருங்க. கிரான்க் கேஸ்ல (கிராங்க் இருக்கற கூடு) விரிசல் இருக்கா, கிராங்க மேலயும் கீழயும் அசைச்சா ஆடுதா, சிலிண்டர் ஃபின் (சூட்ட ஆத்தற வரிவரியான தகடு) உடைஞ்சு குழி விழுந்திருக்கா. இந்த மூணும் நல்லா இருந்தா மத்ததெல்லாம் மாத்தக்கூடிய சாமான்தான்.

பரண்லேர்ந்து இறக்கினேன், புது பெட்ரோல் ஊத்தி கயிற இழுத்து பாக்கலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம். எல்லாரும் பண்றது இதத்தான், நானும் இதத்தான் பண்ணேன். உள்ள துரு இருக்கலாம், குளவி மண்ணு வச்சு கூடு கட்டியிருக்கலாம், ரிங் ஒட்டியிருக்கலாம், நீங்க பலமா இழுக்கற ஒரு இழுப்புல நல்லா இருந்த சிலிண்டர்லயும் கோடு விழுந்துரும்.

முதல்ல பிளக்க கழட்டி ஓட்டை வழியா ரெண்டு மூணு சொட்டு டூ-டி ஆயில் (பெட்ரோல்ல கலக்கற டூ ஸ்ட்ரோக் ஆயில்) விட்டு ஒரு ராத்திரி விட்டுருங்க. மறுநாள் சைலன்சர கழட்டுங்க, நாலு போல்ட்டுக்கு மேல இருக்காது, துரு பிடிச்சிருந்தா டீசல் ஊத்தி ஊற வச்சு கழட்டுங்க, முறிச்சுராதீங்க. இப்ப எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா செல்ஃபோன் டார்ச் அடிச்சு பிஸ்டன கையால மெதுவா சுத்தி பாருங்க. பிஸ்டன் பக்கவாட்டுல மழமழன்னு, லேசா அரக்கு நிறத்துல இருந்தா சந்தோசம். நெட்டுக்குத்தா நகத்துல தட்டுப்படற மாதிரி கோடு இருந்தா மேற்கொண்டு எதுவும் போடாம சிலிண்டர கழட்டுங்க.

கம்ப்ரஷன் எவ்ளோ இருக்கணும்?

கம்ப்ரஷன்னா பிஸ்டன் உள்ள காத்த அமுக்கற அழுத்தம். மீட்டர் வச்சு, ஆக்சிலேட்டர முழுசா திறந்து, டீகம்ப்ரஷன் பட்டன் (கயிறு இழுக்க லேசா இருக்க அந்த அழுத்தத்த வெளிய விடற பட்டன்) இருந்தா அது வெளிய வந்து மூடியிருக்கான்னு பாத்து, முள்ளு நிக்கற வரைக்கும் ஆறேழு தடவ இழுங்க. 120 பி.எஸ்.ஐ.க்கு மேல காட்டுனா தாராளமா வேலை செய்யும். 90க்கு கீழ போனா ரிங்கோ சிலிண்டரோ பாத்தாகணும். மீட்டர் இல்லன்னா கயிறோட பிடிய பிடிச்சு மிஷின மெதுவா தூக்குங்க (கயிறு புதுசா இருக்கணும், 10 கிலோ காலு மேல விழும்). நல்ல மிஷின் ஒவ்வொரு படியா நின்னு நின்னு இறங்கும். சர்ருன்னு இறங்குனா கம்ப்ரஷன் இல்ல.

ரிங்க மட்டும் சிலிண்டருக்குள்ள வச்சு பிஸ்டன் தலையால நேரா தள்ளி, ரெண்டு நுனிக்கும் நடுவுல ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) விட்டு பாருங்க. இந்த அளவு பிஸ்டனுக்கு 0.25 மி.மீ. சுத்தி இருந்தா நல்லது, 1 மி.மீ.ய நெருங்கிருச்சுன்னா ரிங் முடிஞ்சிருச்சு.

பிஸ்டன் கோடு விழுந்திருக்கு. புது பிஸ்டன் ரிங் போட்டா சரியாயிடுமா?

இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

மாமா மிஷின்ல எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் பிஸ்டன் கிழிஞ்சிருந்துச்சு, காத்து உள்ள வர்ற பக்கம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நான் என்ன பண்ணேன்னா புது பிஸ்டன், புது ரிங் வாங்கி போட்டேன், மூணாவது இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு, தெருவே கூடி நின்னுச்சு, மாமா முகத்த பாக்கணுமே. சரியா 20 நிமிசம் ஓடுச்சு. ஓடும்போதே ஆக்சிலேட்டர விட்டாலும் சத்தம் இறங்காம கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போச்சு, நான் என்னமோ நல்லா இழுக்குதுன்னு நினைச்சேன், டக்குன்னு நின்னுருச்சு. கழட்டி பாத்தா அதே பக்கம் அதே கோடு.

பிஸ்டன் பிடிக்கறது நோய் இல்லங்க, நோயோட அடையாளம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கிழிஞ்சா பெரும்பாலும் பெட்ரோல் கம்மியா காத்து அதிகமா போயி சூடேறியிருக்கு. பிஸ்டன் சுத்தி எல்லாப் பக்கமும் கிழிஞ்சிருந்தா பெட்ரோல்ல ஆயில் கலக்கல, இல்ல ஃபின்னெல்லாம் மரத்தூள் அடைச்சு காத்து போகல. உள்ள வர்ற பக்கம் மட்டும் சாம்பலா மங்கி, தேஞ்ச மாதிரி இருந்தா ஏர் ஃபில்டர் கிழிஞ்சு தூள் உள்ள போயிருக்கு. எதனால நின்னுச்சோ அத கண்டுபிடிக்காம புது சாமான் போட்டா அதுவும் அதே வழிலதான் போகும். எங்க மிஷின்ல மேக்னெட் (ஸ்பார்க்குக்கு கரண்ட் தர்ற காந்தச் சக்கரம்) பக்கத்து ஆயில் சீல் (கிராங்க சுத்தி காத்து போகாம அடைக்கற ரப்பர் வளையம்) விறைச்சு, உதட்டுல ஒரு இடம் பிளந்திருந்துச்சு. அந்தப் பிளவு ஒரு அரிசி நீளம் கூட இல்ல. அது வழியா காத்த இழுத்துத்தான் ரெண்டு பிஸ்டன் போச்சு.

அந்த காத்து லீக்க எப்படி கண்டுபிடிக்கறது?

கார்பரேட்டர் வர்ற வாய், எக்ஸாஸ்ட் வாய் ரெண்டையும் ரப்பர் துண்டு வச்சு இறுக்கி மூடணும் (லாரி டியூப வெட்டி அதே போல்ட்ல முறுக்கினாலே போதும்), டீகம்ப்ரஷன் பட்டன் மூடியிருக்கணும், பிளக் ஓட்டைலயோ இல்ல கார்ப் பக்கத்து ரப்பர்லயோ ஒரு நிப்பிள் வச்சு காத்து ஏத்தணும். பிளக் ஓட்டை வழியா ஏத்துனா பிஸ்டன் கீழ இறங்கி இருக்கணும், அப்பதான் காத்து கிரான்க் கேஸ் வரைக்கும் போகும். 0.5 பார் ஏத்தி அரை நிமிசமாவது முள்ளு இறங்காம நிக்கணும். என்கிட்ட அந்த டெஸ்டர் இல்ல, வீட்ல பி.பி. பாக்கற பழைய மீட்டரும் பல்பும் இருந்துச்சு, அதுல 200 வரைக்கும் ஏத்தினேன். 0.5 பார்ங்கிறது அந்த மீட்டர் கணக்குல 375, மீட்டரே 300 வரைதான். ஆனா பெரிய லீக் 200லயே தெரிஞ்சுரும். சோப்புத்தண்ணிய சிலிண்டர் அடி, கிரான்க் கேஸ் ஜாயின்ட், ரெண்டு பக்கத்து சீல்னு பிரஷ்ல தடவுங்க, எங்க நுரை கிளம்புதோ அங்க லீக்.

இதோட நிறுத்தாதீங்க. அடுத்து வாக்யூம் வச்சும் பாக்கணும், பைக் பிரேக் ஆயில் உறிஞ்சுற கைபம்பு இருக்கே அது போதும், அதுவும் 0.5 பார். சில சீல் உள்ளேர்ந்து தள்ளுனா நல்லா பிடிச்சுக்கும், உறிஞ்சுனா விட்டுரும். மிஷின் ஓடும்போது ரெண்டுமே மாறி மாறி நடக்குது. கிராங்க சுத்தி சுத்தி விட்டு பாருங்க, ஒரு இடத்துல மட்டும் லீக்காகறதும் உண்டு.

சீல் மாத்தறது கஷ்டமில்ல. கிளட்ச் பக்கம் நிறைய செயின்சாவுல மரை தலைகீழா இருக்கும், வழக்கமா சுத்துற பக்கம் பலம் குடுத்து உடைச்சுராதீங்க, அம்புக்குறி இருக்கான்னு முதல்ல பாருங்க. மேக்னெட்ட எடுக்க புல்லர் போடுங்க, சுத்தியல் வேண்டாம், அடிச்சா கிரான்க் வளையும். பழைய சீல நோண்டி எடுக்கும்போது கிரான்க்ல கீறல் விழுந்தா புது சீலும் லீக்காகும், அதனால இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவசரமே கூடாது.

சிலிண்டர் உள்ள அலுமினியம் ஒட்டியிருக்கு, போர் போடணுமா?

போர் போட முடியாது, உள்ள கடினமான பூச்சு இருக்கும். ஒட்டியிருக்கற அலுமினியத்த கரைக்க பாத்ரூம் கழுவுற ஆசிட் இருக்கு பாருங்க, காது குடையற பஞ்சு குச்சில தொட்டு அந்த இடத்துல மட்டும் வைக்கணும், நுரைச்சு வரும், துடைச்சுட்டு மறுபடி. கையுறை, கண்ணாடி போட்டு வெட்டவெளில பண்ணுங்க, மூச்சுல போச்சுன்னா நெஞ்சு எரியும். எக்ஸாஸ்ட் ஓட்டை ஓரத்துல ஆசிட் பட்டா அங்க உள்ள நல்ல அலுமினியத்தையும் தின்னுரும். எவ்ளோ துடைச்சாலும் ஒரே இடத்துல நுரை நிக்கவே இல்லன்னா பூச்சு போயிருச்சுன்னு அர்த்தம், சிலிண்டர் மாத்துங்க. முடிஞ்சதும் சோப்புத்தண்ணில கழுவி நல்லா காய வச்சு ஆயில் தடவிருங்க.

புது பிஸ்டன் போடும்போது தலைல உள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பாக்கணும், சர்க்கிளிப் (பிஸ்டன் பின் நகராம பிடிக்கற கம்பி வளையம்) பழச திரும்ப போடாதீங்க.

ஸ்பார்க் வரல. காயில் போச்சா?

காயில கடைசியா சந்தேகப்படுங்க. பழைய 070ல சி.பி. பாயின்ட் (ஸ்பார்க் வர்றதுக்காக கரண்ட துண்டிச்சு விடற தொடுமுனை) இருக்கும், அது பச்சை பூத்து கிடக்கும். மேக்னெட்ட எடுத்து பாயின்ட்ட நடுவுல கெட்டி அட்டைய விட்டு தேச்சு சுத்தம் பண்ணுங்க, ரொம்ப மோசம்னா மெல்லிசா உப்புத்தாள், அப்புறம் மறுபடி சுத்தமான அட்டை. கேப் 0.35லேர்ந்து 0.4 மி.மீ. வைங்க. ஆயில் கை பட்டாலே ஸ்பார்க் போயிரும். அப்பவும் மங்கலா மஞ்சளா அடிச்சா கண்டன்சர். அப்புறம் ஸ்டாப் சுவிட்ச் ஒயர் எங்கயாவது தோல் உரிஞ்சு பாடில தொடுதான்னு பாருங்க, அத கழட்டிட்டு ஒரு தடவ இழுத்து பாத்தாலே தெரிஞ்சுரும். பிளக் கேப் 0.5 மி.மீ.

பாயின்ட்ட எடுத்துட்டு சிப் வச்சு எலெக்ட்ரானிக் ஆக்கறவங்களும் இருக்காங்க, வேலை செய்யும், ஆனா டைமிங் மாறாம பாத்துக்கணும். மேக்னெட் சாவிக்கட்டைய (மேக்னெட்ட கிராங்க்ல சரியான இடத்துல நிறுத்தற சின்ன இரும்புத் துண்டு) கட்டாயம் கையில எடுத்து பாருங்க. பாதி முறிஞ்சு ஒரு நூல் தள்ளி உக்காந்திருந்தா ஸ்பார்க் முன்னாடியே விழும், இழுக்கும்போது கயிறு உங்க கைய பிடுங்கிக்கிட்டு திரும்பும். 106 சி.சி. திருப்பி இழுத்தா விரல் முறியும், இது சும்மா பயமுறுத்தறது இல்ல.

கார்பரேட்டர கழுவினேன், இன்னும் பெட்ரோல் வரல?

கழுவுனா பத்தாது, கிட் மாத்துங்க. 6 வருசம் கிடந்த டயஃப்ரம் அப்பளம் மாதிரி விறைச்சிருக்கும், கையில எடுத்து ஆட்டுனா சத்தம் வரும். அது வளையாம பெட்ரோல் எப்படி வரும்? கிட் மாத்தும்போது நீடில் லிவர் உயரம் பாருங்க, டில்லட்சன் எச்.எல். மாதிரி கார்ப்ல லிவரோட நுனி அந்த அறையோட தரைமட்டத்துக்கு சரியா இருக்கணும், ஸ்கேல் வச்சா ரெண்டும் ஒண்ணா தொடணும். உயரமா இருந்தா பெட்ரோல் அதிகமாகி மூழ்கும், தாழ்ந்தா பெட்ரோல் பத்தாம பட்டினி. ஜெட் ஓட்டைல கம்பி விடாதீங்க, ஸ்ப்ரேயும் காத்தும் போதும். டேங்குக்குள்ள இருக்கற ஃபில்டர், பெட்ரோல் டியூப் ரெண்டையும் சேத்தே மாத்திருங்க.

நல்லா ஓடிட்டு பத்து நிமிசத்துல நிக்குதா? நின்னவுடனே டேங்க் மூடிய தளர்த்துங்க, புஸ்ஸுன்னு காத்து இழுக்கற சத்தம் வந்தா மூடில உள்ள காத்து ஓட்டை அடைச்சிருக்கு. கார்ப்ப கழட்டறதுக்கு முன்னாடி இத பாருங்க, பல பேருக்கு இதுதான் பிரச்சனை.

பெட்ரோல்ல ஆயில் எவ்ளோ கலக்கணும்? இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் ஊத்தலாமா?

கம்பெனியோட சொந்த டூ-டி ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லி, வேற ஆயில்னா 40 மில்லி, அதாவது 25க்கு 1. பழைய மிஷினுக்கு நான் 40தான் ஊத்துறேன், புகை கொஞ்சம் வரும், வரட்டும். பைக் எஞ்சின் ஆயில் ஊத்தாதீங்க.

எத்தனால் விசயம் முக்கியம். 2023லேர்ந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பிச்சு இப்ப எல்லா பங்க்லயும் அதான். இந்த மிஷின் டிசைன் பண்ண காலத்துல இது இல்ல, பழைய ரப்பர ஊற வச்சு கெடுக்கும். இன்னொண்ணு, எத்தனால் காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், தண்ணி சேந்து ஒரு அளவுக்கு மேல போனா பிரிஞ்சு அடில தங்கிரும், ஆயில் மேல உள்ள பெட்ரோலோட நின்னுரும். டேங்க் ஃபில்டர் இருக்கறது அடிலதான். அப்ப என்ன ஆகும், ஆயிலே இல்லாதது எஞ்சினுக்கு போகும், பிஸ்டன் சுத்தி கிழியும். அதனால அன்னன்னிக்கு வேணும்ங்கிற அளவு மட்டும் கலங்க, மிச்சம் இருந்தா டேங்குல விடாம எடுத்துருங்க. எத்தனால் இருக்கற பெட்ரோல்ல காத்தோட விகிதமும் மாறுது, அதே ஸ்க்ரூ அளவுல கொஞ்சம் பட்டினியா ஓடும், அதையும் சேத்துத்தான் ட்யூன் பண்ணணும்.

ட்யூனிங்?

கார்பரேட்டர்ல உள்ள எல் (மெதுவா ஓடறதுக்கு), எச் (வேகமா ஓடறதுக்கு) ரெண்டு ஸ்க்ரூவையும் மெதுவா மூடி, ஒவ்வொரு சுத்து திறந்து ஆரம்பிங்க. சூடானப்புறம் ஐடிலிங்க எல் ஸ்க்ரூவுல சரி பண்ணுங்க. எச் ஸ்க்ரூவ எப்பவுமே கொஞ்சம் பெட்ரோல் அதிகம் இருக்கற பக்கம் விடுங்க, வெறுமனே முறுக்கும்போது சத்தம் லேசா உடையணும், கட்டைல வச்சவுடனே சுத்தமாகணும். இந்த வம்சத்துல சில கார்ப்ல கவர்னர் (வேகம் எல்லை மீறாம தடுக்கற அமைப்பு) இருக்கும், அதுல சத்தம் உடையறது கவர்னராலன்னு தெரியாம ஸ்க்ரூவ மூடிக்கிட்டே போனா பிஸ்டன் போயிரும், அந்த மாதிரி கார்ப்னா கட்டைல வச்சு பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

பாரும் செயினும் பழசே போதுமா?

செயின்ல அடுத்தடுத்து மூணு ரிவெட்ட அளந்து ரெண்டால வகுங்க, 10.26 மி.மீ. வந்தா அது 0.404 இன்ச் பிட்ச், பெரிய மிஷினுக்கு வழக்கமா வர்றது. ஸ்ப்ராக்கெட்ல அரை மி.மீ. குழி விழுந்திருந்தா மாத்துங்க, தேஞ்ச ஸ்ப்ராக்கெட் புது செயின ஒரே வாரத்துல கெடுக்கும். கூர் தீட்ட 5.5 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி, எல்லா பல்லும் ஒரே நீளம், பல்லுக்கு முன்னாடி உள்ள குமிழ் 0.8 மி.மீ. தாழ்ந்து இருக்கணும். பலகை இறக்கறதுன்னா 10 டிகிரி போதும். குமிழ ரொம்ப தாழ்த்துனா வேகமா அறுக்கும்னு சிலர் பண்றாங்க, இவ்ளோ பலமான மிஷின்ல அது கைய உதறிவிடும்.

இன்னிக்கு இருக்கற இந்த பல்லோட வடிவமே அமெரிக்கால ஜோசஃப் காக்ஸ்னு ஒரு மரவெட்டி 1940கள்ல மரத்த துளைக்கற வண்டுப்புழு ரெண்டு பக்கமும் மாறி மாறி கடிக்கறத பாத்து செஞ்சது. கூர்மை சரியா இருந்தா அந்தப் புழு மாதிரியே தானா இறங்கும், நீங்க அழுத்தவே வேண்டாம். தூள் மாவு மாதிரி வந்தா மொட்டை, சீவல் சீவலா வந்தா கூர்மை.

பார் ஆயிலுக்கு பழைய கழிவு ஆயில் ஊத்தறது நம்ம பக்கம் வழக்கம், அதுல உள்ள இரும்புத்தூள் பம்ப தின்னுரும், வேண்டாம். பார் நுனிய ஒரு அட்டைக்கு ஒரு சாண் தள்ளி பிடிச்சு முறுக்குங்க, ஆயில் கோடா தெறிக்கணும்.

இதுல செயின் பிரேக் இல்லையே, ஆபத்தா?

ஆமா. இத லேசா எடுத்துக்காதீங்க. பாரோட மேல் நுனி கட்டைல பட்டா மிஷின் முகத்துக்கு தூக்கி அடிக்கும், நிறுத்த ஒண்ணும் கிடையாது. நுனில அறுக்காதீங்க, தோளுக்கு மேல தூக்காதீங்க, மரத்து மேல ஏறி இத ஓட்டவே கூடாது. அதிர்வு தாங்குற ரப்பர் இல்லாத மாடல்னா அரை மணிக்கு ஒரு தடவ நிறுத்துங்க, விரல் மரத்து வெளுத்துப் போறது ஆரம்பம்னா அன்னிக்கு வேலை அவ்ளோதான்.

டூப்ளிகேட் சாமான் போடலாமா?

ஏர் ஃபில்டர், சைலன்சர், கவர் இதெல்லாம் போடலாம். சீல், பேரிங், பிஸ்டன், ரிங் நல்லதா வாங்குங்க. சிலிண்டர் நகல் வாங்குனா போர்ட் ஓரத்த விரல்ல தடவி பாருங்க, கூரா இருந்தா ரிங் மாட்டி முறியும், மெல்லிசா மழுக்கிட்டு போடுங்க.

எப்ப இனிமே நம்பி எடுத்துட்டுப் போகலாம்?

ஸ்டார்ட் ஆனவுடனே இல்ல. முதல் டேங்க் சின்னக் கட்டைல, விட்டு விட்டு. ஆறவிட்டு சிலிண்டர் போல்ட்ட மறுபடி இறுக்குங்க. ரெண்டாவது டேங்க் முடிஞ்சதும் பிளக்க பாருங்க, செங்கல் நிறமோ காபி நிறமோ இருக்கணும், வெளுத்து இருந்தா உடனே நிறுத்தி காத்து லீக்க தேடுங்க. மூணாவது டேங்க் பெரிய கட்டைல ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிசம் விட்டு சூட்டோட ஸ்டார்ட் பண்ணுங்க. அப்ப எடுக்கலன்னா கண்டன்சரோ காயிலோ சூட்டுல படுக்குது. ஆக்சிலேட்டர விட்டவுடனே சத்தம் டக்குன்னு இறங்கணும், இறங்கறதுக்கு ரெண்டு செகண்ட் எடுத்தாலும் விடாதீங்க. நான் அந்த முதல் 20 நிமிசத்துல காதுல கேட்டும் புரிஞ்சுக்காம விட்டது அதத்தான்.

மாமா மிஷின ரெண்டாவது தடவ கழட்டி, சீல் மாத்தி, வாக்யூம் நின்னப்புறம் மூணு டேங்க் ஓட்டினோம். நாலாவது டேங்க மாமாவே ஊத்தி, 6 வருசத்துக்கு முன்னாடி பாதில நின்ன அதே புளியமரத்து அடித்தூர்ல பழைய வெட்டுலயே பார வச்சு அறுத்து முடிச்சாரு.